கட்டிவைத்த ஓலையைப் படிக்காத தவளை

அல்லிக் குளத்தின் வாய்க்காலில் பெருவாயன் என்ற தவளை காவல் இருந்தது. வேண்டாத பூச்சி புழு எது வந்தாலும் லபக்கென்று விழுங்கிவிடும். விழுங்கியது உள்ளே கரைந்துவிடும். குளத்துத் தலைப்பிரட்டைகள் எல்லாம் அந்த ஒரு வாயை நம்பித்தான் நீந்தின. பெருவாயனின் சொந்தப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தன.

அந்தக் குளத்துத் தவளைகளுக்கு ஒரு விசித்திர ஏற்பாடு. வேலைக்கான உத்தரவுகள் ஓலைகளாக வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அவிழ்ந்திருக்கும் ஓலையின்படி நடக்க வேண்டும். நூல் சுற்றிய ஓலையைத் தொடக் கூடாது. யார் சுற்றியது என்று கேட்கும் வழக்கமும் இல்லை.

ஒரு நாள் மெழுகு பூசியது போன்ற மேனியோடு ஒரு பொடிப் புழு வந்தது. பெருவாயன் விழுங்கியது.

"அண்ணே, உள்ளே நல்ல விசாலம்!" என்று வயிற்றிலிருந்து குரல் கேட்டது.

"அடப்பாவி, நீ இன்னும் சாகலையா?"

"மெழுகு உடம்பு அண்ணே, சட்டுனு கரையாது. நீங்க மெதுவா செரிச்சுக்குங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை!"

புழு வேலையைத் தொடங்கியது. 'உள்ளே வந்தவனைக் கரை' என்ற ஓலையில் நூலைச் சுற்றியது. 'ஆபத்தென்றால் கத்தி ஆள் கூப்பிடு' என்ற ஓலையிலும் சுற்றியது. 'கொழுப்பைச் சேர்த்து வை' என்ற ஓலையைத் தேடிப் பிடித்து அவிழ்த்துவிட்டது.

அன்று முதல் பெருவாயன் கொழுப்பைச் சேர்த்தது. அதைத் தின்று புழு இரண்டானது, நாலானது, நூறானது.

எதிர்க்கரையில் இருந்த செங்காலித் தவளை வந்து பார்த்தது.

"ஏன்யா, வயித்துல என்னமோ நெளியுதே! ஒரு சத்தம் போடு, பத்துப் பேர் ஓடி வர்றோம்!"

"கத்துற ஓலை கட்டியிருக்கு. அப்படின்னா ஆபத்து இல்லைன்னு அர்த்தம்!"

"யாரு கட்டினது?"

"அதெல்லாம் மேலிடத்து விஷயம்!"

"மேலிடமா, உள்ளிடமா?" என்று சிரித்தது செங்காலி. ஆனால் காவல்காரன் கூப்பிடாமல் உதவிக்கு வர அதன் ஓலையிலும் இடமில்லை. திரும்பிப் போய்விட்டது.

வலி பொறுக்காமல் ஒரு நாள் பெருவாயன் கத்தியது, வயிற்றைப் பார்த்து மட்டும்.

"டேய், என் ஓலையைக் கிழிச்சுட்டியா?"

"சத்தியமா இல்லை அண்ணே! ஓர் எழுத்தைக்கூடத் தொடலை. நீங்களே சரிபாருங்க!"

பெருவாயன் சரிபார்த்தது. ஒன்றும் குறையவில்லை. "நம்ம சட்டம் முழுசா இருக்கு!" என்று நெஞ்சை நிமிர்த்தியது.

நிமிர்த்திய நெஞ்சில் இருமல் வந்தது. வாயிலிருந்து புழுக்கள் கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் விழுந்தன.

"அப்பா, கத்துப்பா! யாரையாவது கூப்பிடுப்பா!" என்று அலறியது ஒரு தலைப்பிரட்டை.

பெருவாயன் வாயைத் திறந்தது. திறந்தபடியே ஓலையைப் பார்த்தது. நூல் சுற்றியிருந்தது.

"இரு கண்ணு, உத்தரவு இல்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இருமலில் அதன் வயிறு வெடித்தது. உள்ளே இருந்த புழுக்கள் குளமெங்கும் பரவித் தின்றதில், ஒரு தலைப்பிரட்டைகூட மிஞ்சவில்லை.

சட்டம் கிழியாமல் இருக்கிறது என்று மகிழ்ந்து, அதைக் கட்டிப்போட்டவன் யார் என்று கேட்காத காவலன், பகைவனுக்கே வீடாகிறான்.