குளியலறை வாசலில் ஒரு வெண்பா

கோட்டையூரை ஆண்ட மல்லப்ப பூபதியின் சபையில் வெண்காடர் என்று ஒரு கவிராயர் இருந்தார். அவரைப் பற்றி ஊருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தம்மைப் பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. இரண்டும் ஒரு நாளும் ஒத்துப் போனதில்லை.

ராஜா புதிதாக ஒரு நியாய மண்டபம் கட்டினார். மொத்தம் பன்னிரண்டு வாசல். சபை கூடுமுன் ராஜா நீராடும் அறையும் அதற்குள்ளேயே.

"வாசலுக்கு வாசல் இன்ன இடம் என்று பலகை எழுதி மாட்டும்" என்றார் கவிராயரிடம்.

'தண்ணீர்ப் பந்தல்' என்று இரண்டு வார்த்தை எழுதினால் வேலை தீர்ந்தது. வெண்காடர் விடுவாரா? வாசலுக்கு ஒரு வெண்பா பாடி, சுழித்துச் சுழித்துப் பொன்னெழுத்தில் வரைந்து, யானை நின்று பார்க்கும் உயரத்தில் மாட்டினார். தினமும் எதிர்த் தூணில் சாய்ந்துகொண்டு, யாராவது அண்ணாந்து பார்க்கிறார்களா என்று காத்திருந்தார். பார்த்தார்கள். அங்கே கூடு கட்டியிருந்த புறாவைப் பார்த்தார்கள்.

ஒரு காலையில் காராயி வந்தாள். கயிறு திரிப்பவள், பிறவியிலேயே பார்வை இல்லை. அவள் தேங்காய் மட்டை ஊறவைக்கும் குட்டையில் குதிரைப் படையார் குதிரைகளைக் குளிப்பாட்டிப் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். முறையிட வந்தவள் கைத்தடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், திறந்திருந்த ஒரு வாசலுக்குள் நுழைந்துவிட்டாள். காவலாள் வெந்நீர் எடுக்கப் போயிருந்த நேரம்.

உள்ளே மல்லப்ப பூபதி தலை நிறைய எண்ணெயும் இடுப்பில் முழத்துண்டுமாக மணையில் உட்கார்ந்திருந்தார்.

"எழுத்தரய்யா, கும்பிடுறேனுங்க" என்றாள் காராயி, முறையீடு எழுதுகிறவர் என்று நினைத்து. "நல்லெண்ணெய் கமகமன்னு மணக்குதே! உத்தியோகம் நல்லாத்தான் நடக்குது போல."

கோட்டையூர் ராஜா வாழ்க்கையில் முதல் முறையாக அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்தார்.

சபையில் பிரதானி திருமலையப்பர் குதித்தார். "ராஜா நீராடும் அறை என்று வாசலிலேயே பலகை இருக்கிறது! அனுமதியின்றி நுழைந்தால் ஓராண்டு சிறை. பலகையை மீறினால் குற்றம் குற்றமே."

"எனக்குக் கண்ணு இல்லீங்களே" என்றாள் காராயி.

"அதற்குப் பலகை என்ன செய்யும்?"

வெண்காடர் நெளிந்தார். அவள் சிறைக்குப் போனால், தம் வெண்பாவைப் படிக்காததற்காக ஒருத்தி சிறைக்குப் போனாள் என்றாகும். தம் வெண்பாக்களைப் படித்தவர்களுக்குக்கூட அவ்வளவு தண்டனை கிடைத்ததில்லை. எழுந்தார்.

"மகாராஜா, குற்றவாளி அந்தப் பலகைதான். பிரதானியாரே, உமக்குக் கண் இருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும்."

பிரதானி போய் அண்ணாந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "ஏதோ... பூங்காவனம் என்று..."

"இல்லை, அது 'புனலாடும்'" என்று திருத்த வந்த வெண்காடரும் அண்ணாந்தார். அடுத்த சொல் அவருக்கே பிடிபடவில்லை. "மகாராஜா, எழுதியவனாலேயே படிக்க முடியவில்லை!"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை; அண்டா இன்னும் நினைவிலிருந்தது.

"அப்படியானால் இவளும் படிக்கிற மாதிரி ஒரு பலகை செய்யும். பக்கத்தில் ஆள் நிறுத்தக் கூடாது. நாளை உச்சிப்பொழுதுவரை தவணை. முடியாவிட்டால் சிறை உங்கள் இருவருக்கும்."

வெண்காடர் காராயியிடம் ஓடினார். "அம்மா, உன் வீட்டில் எது எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

"கயிறு கட்டியிருக்கேன். ஒரு முடிச்சுன்னா கிணறு, ரெண்டுன்னா அடுப்பு. கை சொல்லிடும். உங்க பாட்டைத் தொட்டா ஏதாவது சொல்லுமா?"

"காதில் விழுந்தாலே ஒன்றும் சொல்லாது என்கிறார்கள். நீ கயிற்றைக் கொடு."

அன்று மாலைக்குள் மண்டபச் சுவர் நெடுக இடுப்பளவு உயரத்தில் கயிறு ஓடியது. ஒரு முடிச்சு தண்ணீர், இரண்டு முடிச்சு முறையீட்டு வாசல். குளியலறை வாசலில் கை வைத்ததும் குத்துகிற முரட்டுக் கயிறு. வெண்காடர் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்தார். முடிச்சைத் தப்பாக எண்ணி யானைக் கொட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். யானைதான் திருப்பி அனுப்பியது. உடனே முடிச்சுகளைப் பெரிதாக்கச் சொன்னார்.

மறுநாள் உச்சிப்பொழுது. காராயி தனியாக வந்தாள். கயிற்றைத் தடவினாள். தண்ணீர்ப் பந்தலில் நின்று ஒரு குவளை குடித்தாள். முரட்டுக் கயிறு வந்ததும், "இது எண்ணெய் மணக்கிற இடம்" என்று ஒதுங்கினாள். நேராக முறையீட்டு வாசலில் போய் நின்றாள்.

பிரதானி விடவில்லை. "மகாராஜா, தாங்கள் கேட்டது பலகை. இவர் கட்டியது கயிறு! ஆணையை மீறிவிட்டார்!"

ராஜா வெண்காடரைப் பார்த்தார்.

"மகாராஜா, நான் இதுவரை மாட்டியதெல்லாம் பலகையே அல்ல. அண்ணாந்து பார்த்தவர்களுக்கு மட்டும். அது பல கண். இந்தக் கயிற்றைப் பாருங்கள், வருகிறவர் போகிறவர் எல்லாரும் தொட்டுப் படிக்கிறார்கள். பல கை! ஆணைப்படி பலகை இதுதான்."

மல்லப்ப பூபதி அரியணை அதிரச் சிரித்தார். குட்டையிலிருந்து குதிரைகள் அன்றே வெளியேறின. சத்திரம், வைத்தியசாலை எங்கும் கயிறு கட்டும் வேலை காராயிக்கு வந்தது. கவிராயருக்குப் பட்டுச் சால்வையும், ஒரு சலுகையும்: ஒரே ஒரு வெண்பாவை, கை தொடும் உயரத்தில், மரத்தில் புடைப்பாகச் செதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

செதுக்கி வைத்த அன்று காராயி அதை மெல்லத் தடவினாள். "மூணாம் வரியில என்னமோ தட்டுதுங்களே."

வெண்காடர் முகம் வெளுத்துவிட்டது. "தளை தட்டுகிறது என்று உனக்கு யார் சொன்னது? அது தெரியக் கூடாதென்றுதானே அத்தனை உயரத்தில் மாட்டினேன்!"

"நான் மரச் சிராயைச் சொன்னேனுங்க" என்றாள் காராயி.