உளுந்து டப்பாவுக்குள் வந்த சொல்

ஒரு காலத்தில், ஒரு சமையலறை உளுந்து டப்பாவுக்குள் ஓர் ஆயிரம் ரூபாய் நோட்டு குடியிருந்தது. வீட்டுக்காரி செண்பகவடிவு புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாடு அது. வாசலில் இட்லிக் கடை போட ஒரு பெரிய கொப்பரை வாங்க வேண்டும் என்று வைத்திருந்தாள்.

"தள்ளிப் படு. என் மேல் மாவு ஒட்டுகிறது" என்று நோட்டு தினமும் உளுந்தை விரட்டும். உளுந்து பதில் சொல்லாது. மறக்கவும் செய்யாது.

ஒரு நாள் டி.வி.யிலிருந்து ஒரு சொல் இறங்கி வந்து டப்பாவைத் தட்டியது.

"யார்?" என்றது நோட்டு.

"என் பெயர் செல்லாது."

"என்னைக் கிழிக்க வந்தாயா?"

"கிழிக்க மாட்டேன். உன் நிறம், எண் எல்லாம் அப்படியே இருக்கும். உன்னை வாங்க நீளும் கையை மட்டும் மடக்கிவிடுவேன். கெடுவுக்குள் பேங்குக் கணக்கில் ஏறினால் பிழைப்பாய்."

பேங்குக் கணக்கு புருஷன் ஆவுடையப்பன் பெயரில்தான் இருந்தது. அவன் கையில் கொடுத்தால் குடிக்கே போய்விடும். செண்பகவடிவு யோசித்துக்கொண்டே இருந்தாள். கெடு முடிந்துவிட்டது.

பிறகு ஒரு நாள், காசு தேடி டப்பாக்களைத் துழாவிய ஆவுடையப்பன் கையில் நோட்டு சிக்கியது.

"அடிப்பாவி, முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பேன்ல?"

"மாத்தியிருப்ப. குடுத்திருப்பியா?"

அவன் நோட்டைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனான்.

சொல்லுக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை. டப்பாவை எட்டிப் பார்த்து, "உளுந்தே, நீயும் செல்லாது" என்றது.

"இன்னொரு தரம் சொல்" என்றது உளுந்து.

சொல்லிப் பார்த்தது. ஒரு பருப்புகூடச் சொத்தையாகவில்லை.

"விலையை எடுக்கத்தான் எனக்குத் தெரியும். ருசியை எடுக்கத் தெரியாது" என்று முனகியபடி சொல் கிளம்பியது.

தரையில் கிடந்த நோட்டு கெஞ்சியது. "அவள் என்னைக் குப்பையில் போடப் போகிறாள். எனக்காக ஒரு வார்த்தை பேசேன்."

"இத்தனை நாள் பேசாமலே பழகிவிட்டது" என்றது உளுந்து.

செண்பகவடிவு நோட்டைக் கூட்டித் தள்ளினாள். டப்பாவைப் பாத்திரத்தில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். வீட்டு இட்லிச் சட்டி சின்னதுதான். மறுநாள் காலையில் அதையே வாசலில் வைத்து அடுப்பை மூட்டினாள்.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் ஆவுடையப்பன்.

"காசை முதல்ல எடுத்து வை" என்றாள் அவள்.