பெருங்காய டப்பாவின் வைத்தியம்

திருநெல்வேலியில் கோமதி வீட்டு அடுக்களையில் ஒரு பெருங்காய டப்பா இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் டப்பாதான். ஆனால் அது பேசுவதைக் கேட்டால், பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கிளினிக் நடத்திய டாக்டர் என்று நினைத்துவிடுவீர்கள். வாயுவா, என்னைக் கூப்பிடு, பொருமலா, என்னைக் கூப்பிடு என்று பக்கத்திலிருந்த சீரகத்தை ஒரு வார்த்தை பேசவிடாது.

கோமதியின் மகள் ஆதிரைக்குப் பதினோரு வயது. சாப்பிட்டால் வயிறு உப்பும், வலிக்கும். இரண்டு வருஷமாக எடை ஏறவே இல்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர் சொன்னார்கள். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால், உடம்பின் காவல்காரர்கள் திருடன் வந்துவிட்டான் என்று தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, சொந்தச் சிறுகுடலையே அடித்து நொறுக்குவார்களாம். குணமாக ஒரே வழி, கோதுமையை அடியோடு நிறுத்துவது.

அன்றைக்கே கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் கோமதி வெளியேற்றினாள். போகிறவர்களைப் பார்த்து அதிகம் பேசியது பெருங்காயம்தான். ஒரு பிள்ளையின் வயிற்றைக் கெடுத்துவிட்டு இத்தனை நாள் எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்டது. கோதுமை மாவு தலையைக் குனிந்துகொண்டே வாசலைத் தாண்டியது.

அந்த ஆஸ்பத்திரியில் ஷகிலா பானு என்ற உணவியல் நிபுணர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கோதுமையை விட்ட பிறகும் சில பிள்ளைகள் தேறுவதில்லையே, ஏன் என்பதுதான் அவருடைய கேள்வி. ஆராய்ச்சியில் சேர்ந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். பிள்ளை என்ன சாப்பிட்டாலும் அதில் எழுதிவிட வேண்டும். கோமதி வீட்டுக்கு வந்த நோட்டுக்கும் தலைக்கனம் குறைவில்லை. என் கண்ணில் படாமல் ஒரு பருக்கை உள்ளே போகாது என்று வந்த அன்றே அறிவித்தது.

ஒன்பது மாதம் போனது. இட்லி மூன்று, ரசம் சாதம், அவித்த முட்டை என்று நோட்டு ஒழுங்காக நிரம்பியது. ஆதிரைக்கு மட்டும் வலி நிற்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் மறுபடி வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். புண் ஆறாமல் அப்படியேதான் இருந்தது. ஏதோ ஒரு வழியாகக் குளூட்டன் போகிறது, கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் வெள்ளிக்கிழமையிலிருந்து வீரியமான மருந்து கொடுக்க வேண்டிவரும் என்றார். அந்த மருந்தில் பிள்ளைக்கு முகம் வீங்கலாம், எலும்பு பலம் குறையலாம் என்று கேட்டதும் கோமதி நேரே ஷகிலாவிடம் ஓடினாள்.

பிள்ளையின் சாப்பாட்டில் சேரும் சாமான் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னார் ஷகிலா. அரிசி மாவு, உளுந்து, மிளகாய்த்தூள், சீரகம் எல்லாம் ஒரு கட்டைப்பையில் ஏறி, வியாழக்கிழமை பஸ்ஸில் பயந்துகொண்டே வந்தன. பெருங்காய டப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. வழியில் ஆதிரைக்கு வலித்தால் வேண்டுமே என்று, ஒரு பாட்டில் மோரோடு அது கோமதியின் கைப்பையில் வந்தது. அது குற்றவாளியாக வரவில்லை, கூடவரும் வைத்தியராக வந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தில் சோதனைப் பட்டை ஒன்று காத்திருந்தது. அது வாய் திறக்காத ஆள். சாமானைக் கரைத்த நீரில் முக்கினால், குளூட்டன் இல்லையென்றால் ஒரு கோடு போடும், இருந்தால் இரண்டு. அதன் அண்ணன் தம்பிகள் வரிசையாக வந்து ஒவ்வொருவரையும் சோதித்தார்கள். அரிசி மாவுக்கு ஒரு கோடு. மிளகாய்த்தூளுக்கு ஒரு கோடு. சீரகம் நடுங்கிக்கொண்டே போய் ஒரு கோட்டோடு திரும்பியது. எல்லாரும் நல்லவர்கள். கோமதி கொண்டுவந்திருந்த நோட்டை ஷகிலா முதலிலிருந்து புரட்டினார். அதிலும் ஒன்றும் இல்லை. நாளைக்கு மருந்து தொடங்கிவிடும்.

அப்போதுதான் ஆதிரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இந்தா, இதக் குடிட்டி, செத்த நேரத்துல சரியாயிரும்" என்று கோமதி மோரில் ஒரு சிட்டிகை பெருங்காயத்தைப் போட்டுக் கலக்கினாள்.

ஷகிலா அவள் கையைப் பிடித்தார். "அக்கா, இது எப்பல்லாம் குடுப்பீங்க?"

"வலிக்கும்போதெல்லாம்தான் மேடம். ஒரு நாளைக்கு ரெண்டு தடவ, மூணு தடவ."

"நோட்டுல எழுதலையே?"

"இது சாப்பாடு இல்லையே மேடம், மருந்துல்லா?"

நோட்டு தன் பக்கங்களை அவசரமாக ஒருமுறை பார்த்துக்கொண்டது. ரசம் இருந்தது, ரசத்தில் விழுந்த சிட்டிகை இல்லை. மோர் இருந்தது, மோரில் கரைந்தது இல்லை. அதன் தலைக்கனம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

ஷகிலா டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். முதல் வார்த்தை கோதுமை மாவு. பெருங்காயப் பிசின் அதற்குப் பிறகுதான் வந்தது. பாவம், டப்பா தன் முதுகில் எழுதியிருந்ததை ஒருநாளும் படித்ததில்லை. இதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது, நான் யாரென்று அடுக்களையில் கேட்டுப் பாருங்கள் என்று அது குரலை உயர்த்தியது. பட்டை ஒன்றும் பேசாமல் இரண்டு கோடு போட்டது.

கோமதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கையாலதான மேடம் கரச்சுக் குடுத்தேன்? வலிக்கு வலிக்குன்னா, மறுபடி மறுபடி அதத்தான குடுத்தேன்?" அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.

"என்ன சாப்பிட்டான்னுதான் நாங்க கேட்டோம். வலிச்சா என்ன குடுக்கீங்கன்னு கேக்கலையேக்கா. தப்பு எங்க மேலதான்" என்றார் ஷகிலா. மோரை அவரே கொண்டுபோய்க் கொட்டினார். வெள்ளிக்கிழமை மருந்தை மூன்று மாதம் தள்ளிப்போட டாக்டரிடம் அனுமதி வாங்கினார்.

டப்பா அங்கேயே தங்கிவிட்டது. ஆராய்ச்சிக்கூட அலமாரியில், நிரம்பிய நோட்டுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து ஆதிரை வந்தாள். எடைபார்க்கும் மெஷின் இரண்டரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது. வலி வந்து பத்து வாரத்துக்கு மேலாகிறது என்று கோமதி சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அலமாரியிலிருந்து எட்டிப் பார்த்த பெருங்காய டப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தாயா? என் வைத்தியம் கடைசியில் பலித்துவிட்டது" என்றது.

"பலித்தது உண்மைதான்" என்றது நோட்டு. "நீ அந்த வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து."