துரு ஏறாத குழல்

கடலோர ஊர் ஒன்றில், ஆயுதப்படைக் கிடங்கின் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் வேலை செல்லக்கண்ணுவுடையது. உப்புக்காற்று ஒரே இரவில் இரும்பைத் தின்றுவிடும் ஊர் அது. இருபத்தெட்டு வருடம் அவர் துருவை உள்ளே விடவில்லை. குழலுக்குள் வெந்நீர் ஊற்றுவார், துணி கட்டிய கயிற்றை விட்டு இழுப்பார், ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகு மெல்லிசாக எண்ணெய் பூசுவார். அடைமழையிலும் அவர் கிடங்கில் ஒரு துப்பாக்கி பழுப்பேறியது கிடையாது.

மனைவி இறந்த பிறகு, ஞாயிறுதோறும் மங்கையம்மையின் குடிலுக்குப் போய் உட்காருவார். அம்மை அவரைவிடப் பதினேழு வயது இளையவள். குரு என்று அவளைத்தான் நினைத்திருந்தார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆனியில் மீன் ஏலக்கூடத்தை இடிக்கக் கூடாது என்று ஊர் திரண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜெசிந்தா என்ற பத்தொன்பது வயதுப் பெண் செத்துப்போனாள்.

துப்பாக்கிகள் மாலையில் கிடங்குக்குத் திரும்பின. எது சுட்டது என்று செல்லக்கண்ணுவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழலை முகர்ந்ததுமே தெரிந்தது. வழக்கம்போல வெந்நீர் ஊற்றினார். கரி கரைந்து வந்தது. துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தார். எண்ணெய் பூசி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

நாலாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடிலுக்கு வந்தார்.

"நான் சுடலம்மா. துருப்பிடிக்காம பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான். இதுல எனக்குப் பங்கு இருக்கா?"

"துருப்பிடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள் அம்மை.

"சில சமயம் சுடாது. சில சமயம் சுடறவன் மூஞ்சியிலேயே வெடிக்கும். என்கூட வேலைக்குச் சேர்ந்தவன் ஒருத்தனுக்கு அப்படித்தான் கண்ணு போச்சு. அன்னிக்கு எடுத்த எண்ணெய்த் துணிதான். இன்னும் கீழ வைக்கல."

அம்மை எழுந்து, தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றி மூடினாள்.

"வாங்க ஐயா."

அவர் பின்னால் நடந்தார். தேவாலயத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றின் முன் நின்றதும் யார் வீடு என்று புரிந்துபோனது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மை காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே முதலில் உள்ளே போனார்.

ஜெசிந்தாவின் தாய் பிலோமி தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மை கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தாள்.

"இவரு யாரு?" என்று கேட்டாள் பிலோமி.

செல்லக்கண்ணுதான் சொன்னார்.

"போலீஸ்ல துப்பாக்கி துடைக்கிற வேலைம்மா."

பிலோமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் துப்பாக்கியுமா?"

"ஆமாம்மா."

"அதுல துரு ஏறியிருந்தா என் புள்ள இருந்திருப்பாளா?"

"இருந்திருக்கலாம்."

"இது உப்புக்காத்து ஊரு. என் வீட்டுல அருவாமனைகூட ரெண்டு நாள் தாங்காது. அது மட்டும் எப்படித் துருப்பிடிக்காம இருந்துச்சு?"

"நான் விட மாட்டேம்மா."

எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன வார்த்தை அது. இப்போது தரையைப் பார்த்துச் சொன்னார்.

பிலோமி கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். குடிக்கவில்லை.

"அவளும் அப்படித்தான். ஒரு வேலையத் தொட்டா அரைகுறையா விட மாட்டா" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருவரும் வெளியே வந்தார்கள். கடற்கரை ஓரமாகவே நடந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. செல்லக்கண்ணு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். குடில் கண்ணில் பட்டபோது சொன்னார்.

"அவங்க என்னைத் திட்டியிருக்கலாம்மா."

"ம்."

"திங்கக்கிழமை வேலைக்குப் போகணும். நான் விட்டா வேற எவனாவது துடைப்பான். சரியா துடைக்கலேன்னா இன்னொருத்தன் கண்ணு போகும். துடைச்சா..." அவர் அம்மையைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. நான் அதைத் தொடட்டுமா, வேண்டாமா?"

அம்மை நின்றாள்.

"துப்பாக்கிக்கு இந்தப் பக்கம் நிக்கிறவனை இருபத்தெட்டு வருஷம் காப்பாத்துனீங்க. அந்தப் பக்கம் நிக்கிறவங்க வீட்டுக்கு இன்னிக்குத்தான் போயிருக்கீங்க. ரெண்டு பக்கத்தையும் பாத்தவர் நீங்க ஒருத்தர்தான் ஐயா. என்கிட்ட கேக்கறீங்களே."