பனிமேல் விழாத முத்திரை

அன்று சித்திரக்கூடத்தில் இருந்தவர்கள்: மன்னர் லியான், அமைச்சர் பாவ், ஓவியர் ஷென் அம்மையார், விசிறி வீசும் பணியாளர் இருவர், முத்திரைப் பெட்டியோடு குவோ என்கிற நான். ஆக ஆறு பேர். பெட்டிக்குள் பன்னிரண்டு முத்திரைகள். என்னை ஆள் கணக்கில் சேர்ப்பதா, பெட்டிக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் எனக்கே குழப்பம் உண்டு. சபையில் நான் பேசியதைவிடப் பெட்டியின் மூடி கிறீச்சிட்டதுதான் அதிகம்.

எங்கள் சீன தேசத்தில் ஒரு வழக்கம். ஓவியம் யாரிடம் இருக்கிறதோ, அவர் அதன் ஓரத்தில் தம் சிவப்பு முத்திரையைப் பதிப்பார். 'பார்த்தேன், அசல்தான்' என்று பொருள். எங்கள் மன்னருக்கு ஓரம் போதாது. முன்பு வந்த குதிரை ஓவியத்தில் ஆசை தீரப் பதித்தார். குதிரைக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது.

அன்று நல்ல கோடை. ஷென் அம்மையார் தம் பட்டுச் சுருளை விரித்தார். இடது மூலையில் ஒரு குடிசை, இலையில்லாத மரம், கழுதைமேல் ஒரு கிழவர். மற்ற இடமெல்லாம் தூரிகை படாத வெறும் பட்டு.

மன்னர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டென்று தோளைக் குறுக்கினார்.

"ஸ்ஸ்... என்ன குளிர்! விசிறியை நிறுத்துங்கள். என் கம்பளி அங்கியைக் கொண்டுவாருங்கள்!"

அங்கி வந்தது. போர்த்திக்கொண்டார். எங்களுக்கோ வியர்த்துக் கொட்டியது.

"அரசே, வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை" என்றார் பாவ். "பன்னிரண்டு முத்திரையும் தாராளமாகப் பிடிக்கும்."

மன்னரின் முகம் மலர்ந்தது. "குவோ, மசியைத் திற!"

ஷென் அம்மையார் தரையில் விழுந்தார். "வேண்டாம், அரசே! என் கண் மங்கிவிட்டது. இனி இன்னொன்று வரைய முடியாது. இதைக் கெடுத்துவிடாதீர்கள்."

"வெறும் பட்டுக்கா அம்மா இவ்வளவு அழுகை?" என்று சிரித்தார் பாவ்.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். பார்த்தது என்னையா, பெட்டியையா, தெரியாது. ஏதாவது சொல்லவேண்டும். கை மட்டும் எழுந்தது. மன்னரின் தோளிலிருந்து அங்கியை எடுத்தேன். ஒழுங்காக மடித்தேன். ஒரு விசிறி கீழே விழுந்தது.

"உமக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் பாவ்.

"குவோ! எனக்குக் குளிர்கிறதய்யா!"

"எ... எதனால், அரசே?"

"உனக்குக் கண்ணில்லையா? அந்தப் பனியைப் பார்!" மன்னரின் விரல் வெறும் பட்டை நோக்கி நீண்டது.

"அங்கே ஒன்றுமே இல்லை என்றாரே அமைச்சர்? ஒன்றும் இல்லாததைப் பார்த்துக் குளிர்கிறதென்றால், வைத்தியரையல்லவா கூப்பிடவேண்டும், அரசே?"

நீட்டிய விரல் அப்படியே நின்றது. மன்னர் விரலைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார். மடித்த அங்கியைப் பார்த்தார். பிறகு கூடமே அதிரச் சிரித்தார்.

சிறிய முத்திரை ஒன்றை மட்டும் எடுத்து, குடிசைக்குக் கீழே ஓரமாகப் பதித்தார். ஷென் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனால் என் கை இன்னும் அரிக்கிறது, குவோ. நிஜமாகவே காலியான ஓர் இடத்தைக் காட்டு."

என் நெற்றியைத் தொட்டேன். "இதோ, அரசே. உள்ளேயும் எதுவும் கெடாது."

பெரிய முத்திரையை எடுத்து 'டப்'பென்று பதித்தார். "அமைச்சரே, நீரும் இப்படி வாரும்!" பாவுக்கு அதைவிடப் பெரியது.

கம்பளி அங்கியை எனக்கே பரிசாகத் தந்தார். மன்னர் தந்ததைக் கையில் தூக்கிப்போவது மரியாதையில்லையே. கொளுத்தும் வெயிலில் போர்த்திக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

மனைவி கதவைத் திறந்தாள். அங்கியைப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள்.

"போலிக்கும் முத்திரை போட ஆரம்பித்துவிட்டாரா உங்கள் மன்னர்? இன்னும் எத்தனை மிச்சம் வைத்திருக்கிறார்?"

"ஒன்பது" என்றேன்.