தணிகாசலம் சார் உட்கார்ந்த படம்

குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சிஷ்யருக்கு அறுபத்தொன்று. திருச்சியில் இப்படி ஒரு ஜோடி.

குரு இருதயமேரி, தன்னைத் தானே படம் எடுக்கும் கலைஞர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கேமரா, அவ்வளவுதான் ஆசிரமம். அடுத்தவர் படும் அவமானத்தைத் தானும் போய்ப் பட்டு, அதைப் படமாக்குவார். வேலைக்கார அம்மாவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டுக்குப் போவார். அந்த டம்ளரிலேயே டீ கேட்டு வாங்கிக் குடிப்பார். குடிப்பதைப் படமெடுத்து, பிரேம் போட்டு, அந்த வீட்டுக்கே பரிசாக அனுப்பிவைப்பார். இதனால் இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷன் போய் வந்திருக்கிறார். இரண்டு முறையும் டம்ளர் மாறியிருக்கிறது.

சிஷ்யர் தணிகாசலம், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேரியே அவரிடம் படித்தவர்தான். ஓய்வு பெற்ற மறுமாதம் பழைய மாணவியின் கண்காட்சியைப் பார்க்கப் போனார். இதை நாமும் செய்யலாமே என்று தோன்றிவிட்டது. ஆசை யாரை விட்டது.

"குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

"சார், மேரின்னே கூப்பிடுங்க. ஒன்பதாவதுல எனக்கு ஓவியத்துல முப்பத்தஞ்சு மார்க் போட்டவரு நீங்க."

"நீங்க வரைஞ்ச பானை கோணலா இருந்துச்சு குருவே."

"பானையே கோணல் சார். எங்கேயோ அடிபட்ட பானையைக் கொண்டுவந்து வச்சது நீங்கதான்."

தணிகாசலம் சார் யோசித்துப் பார்த்தார். பானை கோணல்தான். ஆனால் இருபத்து நான்கு வருஷம் கழித்து மார்க்கைத் திருத்த முடியுமா?

ஆறு மாதத்தில் அவர் இருபத்தொரு படம் எடுத்துவிட்டார். எல்லாம் அவர் முகம்தான். தலையில் முண்டாசு கட்டினால் விவசாயி, முகத்தில் கரி பூசினால் சூளைத் தொழிலாளி. கண்ணுக்குக் கீழே கிளிசரின். இருபத்தொன்றிலும் கண்ணீர் ஒரே இடத்தில் நின்றது.

குரு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். எல்லாத்துலயும் நீங்க அழகா இருக்கீங்க."

சார் அன்று முழுக்க மிதந்துகொண்டிருந்தார். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் அது பாராட்டு இல்லையோ என்று சந்தேகம் வந்தது. வாயைக் கொப்பளித்த கையோடு புறப்பட்டுப் போனார்.

"குருவே, ஒரு கலைஞன் தன்னோட படத்துக்குள்ள எங்க இருக்கணும்?"

"எங்க இருக்கானோ அங்கதான் சார்."

சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். புரியவில்லை. ஆனால் குரு சொன்னது புரிந்துவிட்டால் அப்புறம் நோட்டு எதற்கு?

அப்போதுதான் ரஞ்சிதம் படியேறி வந்தாள். தணிகாசலம் சாருக்குப் பின்தெருக்காரி. கடைவீதியிலேயே பெரிய ஜவுளிக்கடையில், மூன்றாவது மாடியில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலை. ஆறு மாதக் கர்ப்பம். கணுக்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன.

"பதினோரு மணி நேரம் நிக்கணும்க்கா. டாக்டரம்மா உக்காந்து வேலை பாக்கச் சொல்றாங்க. எங்க உக்கார? கஸ்டமருக்குத்தான் சேர் இருக்கு. அவங்க வீட்டுக்காரங்க தூங்கறதுக்குக்கூட வரிசையா சேர் இருக்கு. நாங்க சாஞ்சு நின்னாலே மேனேஜர் மைக்ல கூப்பிடுறாரு."

"கடையில வேலை பாக்கறவங்க உக்கார இடம் குடுக்கணும்னு சட்டம் வந்துருச்சேம்மா" என்றார் சார்.

"சட்டம் வந்துருச்சு சார். ஸ்டூல்தான் வரல."

மேரி கேட்டார், "உனக்கு என்ன வேணும்?"

"ஒரு ஸ்டூல். ஆனா நான் கேட்டேன்னு தெரியக் கூடாது. வேலை போயிருச்சுன்னா பிரசவத்துக்கு நான் யார் கையை எதிர்பாக்கறது?"

மேரி வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"இதை என்கிட்ட விடுங்க குருவே. அந்தக் கடைக்கு எதிர்லயே பதினோரு மணி நேரம் நிக்கறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேமரா தானா என்னைப் படம் பிடிக்கட்டும். அறுபத்தாறு படம். பாக்கறவன் கதறணும்."

"நில்லுங்க சார்" என்றார் குரு.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. கடைவீதியில் எள் போட்டால் எண்ணெயாகிவிடும், அப்படிக் கூட்டம். தணிகாசலம் சார் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். கடை ஊழியர்கள் போடுவது போலவே மெரூன் சட்டை, கழுத்தில் இஞ்ச் டேப். எதிரே கேமரா. முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார். நன்றாகவே வந்தது.

கால் மணி நேரத்தில் ஒரு அம்மா கிட்டே வந்தாள்.

"எத்தனை சதவீதம் தள்ளுபடி?"

பேசக் கூடாது என்பது சார் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. அவர் கையை மெல்ல உயர்த்தி எதிர்க்கடையைக் காட்டினார். அநீதி அங்கே நடக்கிறது என்று அர்த்தம்.

அந்த அம்மா குடும்பத்தோடு கடைக்குள் போனாள். அவளைப் பார்த்து இன்னொரு குடும்பம் போனது. பன்னிரண்டு மணிக்குள் பாதி வீதி உள்ளே போய்விட்டது.

மேனேஜர் பொன்னுரங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி தனக்குச் சொல்லாமலே விளம்பரத்துக்கு ஆள் வைத்திருக்கிறார் என்று நினைத்தார். எவ்வளவு பெரியவர், வெயிலில் இப்படி நிற்கிறாரே என்று மனசு இளகிவிட்டது. போனில் மூன்றாவது மாடியைக் கூப்பிட்டார்.

"கஸ்டமர் சேர் ஒண்ணு கீழ அனுப்பு. சீக்கிரம்."

மாடியில் அந்த நேரத்துக்குக் கை ஓய்ந்து நின்றவள் ரஞ்சிதம்தான். லிப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படி படியாக இறங்கி, வீதியைக் கடந்து, சாரின் பின்னால் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காருங்க சார். கால் வலிக்கும்."

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. சாரின் முட்டி ஒரு மணி நேரமாகவே அழுதுகொண்டிருந்தது, கிளிசரின் இல்லாமல். திரும்பிப் பார்த்தார். ரஞ்சிதம் என்று தெரிந்தது. வேண்டாம்மா என்று மனசு சொன்னது. முட்டி கேட்கவில்லை. பெட்டியிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

பொன்னுரங்கம் தானே வீதிக்கு வந்து எலுமிச்சை ஜூஸை நீட்டினார். சார் வாங்கி ஒரு வாய் குடித்து, அப்பாடா என்று கால்மேல் கால் போட்டார்.

கேமரா தன் கடமையைச் செய்தது.

மறுநாள் மேரி அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். இடது பக்கம் பொன்னுரங்கம், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார். நடுவில் தணிகாசலம் சார், ஜூஸும் கையுமாக, கண் சொருகி, பரம சுகத்தில். அவருக்குப் பின்னால் ரஞ்சிதம், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மூச்சு வாங்க நிற்கிறாள்.

சாருக்கு முகம் கறுத்துவிட்டது. இருபத்தொரு படம் எடுத்தவருக்குத் தன் முகத்தைப் பார்க்க முதல்முறையாகக் கூசியது.

"கிழிச்சிருங்க குருவே."

"கிழிக்கலாம். இது உங்க முகம், உங்க இஷ்டம். இல்லைன்னா பிரேம் போட்டு, உதவிக்கு நன்றின்னு சொல்லி மேனேஜர்கிட்டக் குடுக்கலாம்."

"அந்தாளு இதை எங்க மாட்டப் போறாரு? வெக்கமா இருக்காதா?"

"அவருக்கு இதுல அவர் மட்டும்தான் சார் தெரிவாரு."

ரஞ்சிதத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"குடுங்க சார். இதுல நான் ஒண்ணும் கேக்கலையே. சொன்ன வேலையைச் செஞ்சுட்டு நிக்கறேன், அவ்வளவுதானே? என்னை யாரு என்ன சொல்ல முடியும்? உங்களைத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க."

சார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது போல, படத்தைத் தானே சுமந்துகொண்டு போய்ப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தார்.

பொன்னுரங்கம் பூரித்துப்போனார். ஒரு கலைஞர் தன்னை மதித்துப் படம் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே அதை பில் போடும் இடத்துக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டினார்.

பில் போட வரிசையில் நிற்கும் பெண்களுக்கு வேறு என்ன வேலை? அண்ணாந்து படத்தைப் பார்த்தார்கள்.

"யாருங்க இந்த சூப்பர்வைசர்? மாசமா இருக்கற பொண்ணை நிக்க வச்சுட்டு ஜூஸ் குடிக்கிறாரு?"

"அவர் சூப்பர்வைசர் இல்லம்மா, கலைஞர்" என்றார் பொன்னுரங்கம்.

"கலைஞர்னா கண்ணு தெரியாதா? சரி, அந்தப் பொண்ணு எங்க?"

"மூணாவது மாடியில."

"இப்பவும் நின்னுக்கிட்டா இருக்கா?"

ஒரு நாள் ஒருத்தி கேட்டால் சமாளிக்கலாம். ஒரு நாளைக்கு இருபது பேர் கேட்டார்கள். சிலர் மூன்றாவது மாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு, எடுத்த சேலையை வைத்துவிட்டுப் போனார்கள். முதலாளி காதுக்கு விஷயம் எட்டியது. படத்தைக் கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று கேட்பார்கள். அதைவிட, பொன்னுரங்கத்துக்குக் கழற்ற மனசில்லை, அவ்வளவு நன்றாகச் சிரித்திருந்தார். மூன்றாவது வாரம் ஐந்து மாடியிலும் ஸ்டூல் வந்தது. அதற்குப் பிறகு யாராவது கேட்டால், "அது அப்ப எடுத்தது. இப்பப் போய்ப் பாருங்க, எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க" என்று பெருமையாகவே சொன்னார்.

எல்லோருக்கும் நல்லது நடந்தது, ஒருவரைத் தவிர. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தணிகாசலம் சார் குருவிடம் வந்து உட்கார்ந்தார்.

"வெளிய தலை காட்ட முடியல குருவே. பொண்ணை நிக்க வச்சுட்டு ஜூஸ் குடிச்சவருன்னு கைகாட்டிச் சிரிக்கறாங்க. நேத்து பஸ்ல ஒரு தம்பி எனக்காக எந்திரிச்சாரு. பக்கத்துல இருந்த அம்மா, 'இவருக்கா? நீ உக்காருப்பா'ன்னு அவரைப் பிடிச்சு உக்கார வச்சுருச்சு."

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"படத்துக்குக் கீழ ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் நாப்பது நிமிஷம் நின்னவர்னு."

"ரஞ்சிதம் எப்படி இருக்கா சார்?"

"நல்லா இருக்கா. கால் வீக்கம் வடிஞ்சுருச்சாம். காலையில வந்து கையப் பிடிச்சு அழுதா. எனக்கும் அழுகை வந்துருச்சு." சார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதான் எல்லாருக்கும் ஸ்டூல் வந்துருச்சே. இனிமே அந்தப் படம் எதுக்கு? கழட்டச் சொல்லிடலாமா?"

"சொல்லலாம் சார். நீங்க கேட்டா நாளைக்கே கழட்டிடுவாங்க."

சாரின் முகம் மலர்ந்தது.

"அப்புறம் ஒரு வாரத்துல ஸ்டூலையும் எடுத்துருவாங்க" என்றார் குரு. "சொல்லட்டுமா?"

தணிகாசலம் சார் நோட்டை எடுத்து, குரு முன்பு சொன்ன அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.