கடுகு காட்டிய எல்லை

ராஜாக்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் பாடு படுவது மற்றவர்கள்தான். மருதநாட்டை ஆண்ட கனகராயருக்கு ஒரு பங்குனி மாதம் அப்படித்தான் பொழுது போகவில்லை. உடனே தம் முன்னோர் ஆண்ட பொன்மதிலூரின் நினைவு வந்துவிட்டது. அந்தப் பழைய தலைநகரை முந்நூறு வருஷத்துக்கு முன் ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதன் மேலேயே இப்போதைய ஊர் வளர்ந்து பரந்து கிடந்தது. பழைய நகரம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

"எல்லையைக் கண்டுபிடியுங்கள்! எல்லைக்குள் வீடு உள்ளவர்களுக்கெல்லாம் மூத்தகுடிப் பட்டமும் பரிவட்டமும் உண்டு" என்று பறை அறைவித்தார் மன்னர்.

அவ்வளவுதான். மறுநாளே ஊரில் எல்லைக்கற்கள் முளைக்க ஆரம்பித்தன. ஆற்றுக்கு அக்கரையில் தோப்பு வைத்திருந்தவர்கூட ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் பெரிய கல் மந்திரி அகோரத்தின் மாளிகைக்குப் பின்னால் கிடைத்தது. முந்நூறு வருஷத்துக் கல் என்றார்கள். உளி பட்ட தூள் இன்னும் அதிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

சபையில் மன்னருக்குப் பேச்சுத் துணையாக இருந்தவர் பிச்சாண்டி. அவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"மந்திரியாரே, இந்தக் கல்லுக்கு இன்னும் பால்பல்லே விழவில்லையே!"

சபை கொல்லென்று சிரித்தது. அகோரம் பல்லைக் கடித்தார்.

"அரசே, இவ்வளவு தெரிந்தவர் தாமே எல்லையைக் காட்டட்டும். எட்டு நாள் தவணை. காட்டாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும்!"

மன்னரும் தலையாட்டிவிட்டார்.

மூன்று நாள் கடப்பாரையும் கையுமாக அலைந்தார் பிச்சாண்டி. கிடைத்ததெல்லாம் உடைந்த பானை ஓடும் முதுகு வலியும்தான். இந்தச் சபையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்புத் தெரியாது. பேச்சைக் கூடையில் வைத்துச் சந்தையில் விற்க முடியுமா? நான்காம் நாள் மதியம் கலங்கிய மனசோடு இலைமுன் உட்கார்ந்தார். ரசத்தை ஊற்றியதும் கலக்கம் கோபமாக மாறியது.

"உமையா, ரசத்துல கடுகைக் காணோமே? என் வேலை போறதுக்கு முன்னாடியே கடுகை நிறுத்திட்டியா?"

"உங்க வேலைக்கும் கடுகுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் மனைவி உமையாள். "இன்னிக்குக் காப்பு நாள் தொடங்குது. எட்டு நாளைக்குத் தாளிக்கக் கூடாது. வருஷா வருஷம் இப்படித்தான் முகத்தைச் சுளிக்கிறீங்க. ஏன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

"சரி, இப்பக் கேக்கறேன். ஏன்?"

"எல்லைக்காளிக்குக் காப்பு. கோயிலெல்லாம் எந்தக் காலத்துலயோ ஆத்தோட போயிடுச்சாம். உங்கம்மா சொல்லிக்குடுத்தாங்க, நான் செய்யறேன். காப்பு நாள்ல எல்லைக்குள்ள கடுகு வெடிக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் கடுகு சடசடவென்று வெடித்தது.

"அப்ப அவங்க மட்டும்?"

"அவங்களுக்கென்ன? தெருவுக்கு அந்தப் பக்கம் எல்லைக்கு வெளியே. அவங்க எப்பவும் தாளிப்பாங்க."

பிச்சாண்டி பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போங்க!"

"எல்லையைப் பிடிச்சுட்டு வந்து சாப்பிடறேன்!"

அன்றிலிருந்து சமையல் வேளையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார் பிச்சாண்டி. தாளிப்பு வாசனை நின்றுபோகும் இடத்தில் ஒரு வேப்பங்குச்சி நட்டார். மறுபடி நடந்தார், மறுபடி நட்டார். பாவம், பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. எட்டாம் நாள் காலையில் வேப்பங்குச்சிகள் ஊரை வளைத்து ஒரு முழுச் சுற்று வந்திருந்தன.

உமையாள் சொன்னதையும் தாம் குச்சி நட்டதையும் அவர் சபையில் விவரிக்க, அகோரம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எல்லைக்கு அடுப்பங்கரையா சாட்சி?"

"ஒரே ராத்திரியில் கல்லை நட்டுவிடலாம், மந்திரியாரே. ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காத அறுநூறு வீட்டு மாமியார்களைச் சேர்ந்தாற்போலக் கடுகை நிறுத்த வைக்க உம்மால் முடியுமா?"

மன்னருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. "மூன்று இடத்தில் தோண்டுங்கள்!" என்றார். பிற்பகலுக்குள் தோண்டினார்கள். மூன்று குச்சிக்கு அடியிலும், ஆள் ஆழத்தில், யானை நடக்கும் அகலத்துக்குச் செங்கல் மதில்! மந்திரி வீட்டுக் கல் அங்கிருந்து கால் காத தூரம் வெளியே நின்றது.

"நேற்று உங்கள் வீட்டு மோர்க்குழம்பு தெருமுனை வரை மணத்தது, மந்திரியாரே" என்றார் பிச்சாண்டி. அகோரம் தரையில் எறும்பு தேட ஆரம்பித்தார்.

மன்னருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பலே, பிச்சாண்டி! அப்படியானால் நம் அரண்மனை நகரத்துக்கு நட்டநடுவில்தானே இருக்கிறது?"

வேலை பிழைத்தது என்று பார்த்தால் இப்போது பிச்சாண்டியின் தலைக்கே வந்துவிடும்போல இருந்தது. மெல்லக் கேட்டார்:

"அரசே, இன்று மதியம் ரசம் எப்படி?"

"அமிர்தம்! நெய்யில் கடுகு பொரிந்து, கறிவேப்பிலை மணந்து..."

மன்னரின் வாய் அங்கேயே நின்றுவிட்டது. அகோரம் ஆசையோடு தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அப்படியென்றால்... நான் வெளியூர்க்காரனா?"

"கவலை வேண்டாம், அரசே. மதிலை நகர்த்தவும் வேண்டாம், அரண்மனையை நகர்த்தவும் வேண்டாம். வருஷத்தில் எட்டே எட்டு நாள் அரண்மனையில் தாளிப்பை நிறுத்திவிடுங்கள். அடுத்து எல்லையைத் தேடி வருகிறவன் தங்களையும் உள்ளே சேர்த்துக்கொள்வான்."

மன்னர் யோசித்தார். எட்டு நாள் ரசத்தை மனசுக்குள் ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தார். அவர் முகம் கோணியது. பிறகு சிங்காசனமே ஆட விழுந்து விழுந்து சிரித்தார். முதல் பரிவட்டத்தை எடுத்துப் பிச்சாண்டியின் கையில் வைத்தார்.

"இதை உமையாளிடம் கொடு. எல்லையைக் கண்டவள் அவள்தான். நான் வெளியூர்க்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் அப்பா, எனக்குக் கடுகு வேண்டும்!"